காணாப் பொருளும் கருதலளவையும்

சித்திரை வைகாசித் திங்கள்களில், முன்னிரவில், எம்மூராகிய படூரில் நின்று தென்றிசை நோக்குவார்க்கு, அடிவானின்மேல் முப்பது பாகை உயரத்தே புகை படிந்தாற்போல ஒரு மீன் தோன்றும். யாம் இளமையிற் பலகாலும் கண்டதுண்டு. மாமல்லபுரம் செல்லும் பெருவழியில் மின்விளக்குகள் மலிந்தபின் அதனைக் காண்டல் அரிதாயிற்று. மேனாட்டார் அதனை ஒமேகா சென்டாரி என்பர். அஃது ஒரு மீனன்று. ஏறத்தாழ 18,000 ஒளியாண்டுத் தொலைவில், கோடியளவினவாகிய மீன்கள் செறிந்த உருண்டைத் திரளாம்.

இத்திரளின் நடுவே கருந்துளை உளதோ என்பது வினா. ஒளியையும் வெளிவிடாததொன்று காண்டலளவைக்கு எட்டுமாறில்லை, கருதலே துணை. ஹபிள் தொலைநோக்கி இருபதாண்டுகளில் எடுத்த 500-க்கு மேற்பட்ட படங்களை ஒப்புநோக்கி, 14 இலட்சம் மீன்களின் இயக்கத்தை அளந்தோர், நடுவே ஏழு மீன்கள் மிக்க விரைவொடு செல்லுதலை 2024-இல் வெளியிட்டனர். புலனாம் மீன்களின் நிறை மாத்திரமே பிணிப்பதாயின், அவை திரளைவிட்டு ஓடியொழிந்திருத்தல் வேண்டும். ஓடுங்கால் இடைவழியிற் கண்டனம் எனின், அஃது ஒன்றிரண்டற்கு ஒக்கும்; ஓரிடத்தே ஏழற்கு ஒவ்வாது. ஆகலின், குறைந்தது 8,200 ஞாயிற்றின் நிறையுடைய இருட்பொருள் ஆண்டு உண்டு என்றனர். போகற்பாலன போகாமை ஈண்டு ஏதுவாயிற்று.

நன்று. ஆயினும், மதிற்கப்பால் எழும் புகையால் தீயுண்மை துணியலாமன்றி, எரிவது ஒரு பெருங்கட்டையோ பல சுள்ளிகளோ என்பது துணியப்படுமோ? என்.ஜி.சி. 6397 என்னும் வேறொரு திரளை ஆராய்ந்தோர், நடுவே ஒரு பெரும்பொருளின்றிச் சிறு இருட்பொருள்கள் பல பரந்திருத்தலே பொருந்தும் என்று 2021-இற் கூறினர். ஒமேகா சென்டாரியிலும், துடிக்கும் மீன்களின் காலக்கணக்கைச் சேர்த்து நோக்கிய பிறிதொரு குழுவினர் பலவென்னும் பக்கமே சார்ந்தனர். விபக்கத்தும் செல்லும் ஏது அனைகாந்திகம் என்பதை நம்மவர்க்கு விரித்தல் வேண்டா.

கருதலை இகழ்ந்தேம் அல்லேம். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்து நோக்கிய கப்பலிலிருந்து, ஆறிச் சுருங்கிய மீனின் நிறைக்கு ஓர் எல்லையுண்டென்று கணித்ததும் கருதலே. 1935-இல் எடிங்டன் அவையிடை அதனை எள்ளினார். பின்னர் உலகம் ஏற்றது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. பெரியார் மறுத்தமையால் ஏது வழுவாகாது. பலர் விரும்பியமையால் வழுவற்றதும் ஆகாது.

இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம் எம் பிழையே. 2024-இல், ஓர் அவையில், "விஞ்ஞானிகள் கருந்துளையைக் கண்டுவிட்டனர், ஆணவவிருள் மெய்யென்று நிறுவப்பட்டது" என்று முழங்கினேம். கைதட்டலும் பெற்றேம். கூட்டம் கலைந்தபின் ஒரு மாணவர் அணுகி, "ஐயா, அஃது ஒன்றோ பலவோ என்னும் வழக்குத் தீர்ந்ததோ? பலவென்று முடிந்தால் ஆணவமும் பலவாமோ?" என்றார். விடையிறுக்கமாட்டாது நின்றேம். ஆணவம் ஒன்றென்பது உரையளவையாற் பெறப்பட்டது. விண்ணிலுள்ள சடப்பொருளின் தொகை அதற்குச் சான்றும் அன்று, மறுப்பும் அன்று. பூதவிருள் தன்னையேனும் காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது என்னும் வேற்றுமையைப் பன்னாள் பாடஞ்சொன்ன யாமே அதனை மறந்து, தீராத வழக்கொன்றை நூலுக்கு முட்டுக்கொடுத்தேம். அம்முட்டு நாளை வீழின், கேட்டார் நெஞ்சில் நூலும் உடன்வீழுமன்றோ?

அம்மாணவர்க்கு எம் பிழையை ஒப்பி மடல் எழுதியுள்ளேம். அவ்வவையின் சொற்பொழிவுத் தொகுதி அச்சேறுமுன் அப்பகுதியை நீக்குமாறும் வேண்டிக்கொண்டேம்.