இலவசமும் இங்கிதமும்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. காசு வாங்காமல் கொடுப்பதும் ஃப்ரீதான். கட்டுப்பாடு இல்லாமல் இருப்பதும் ஃப்ரீதான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1983-இல் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் பல்லாண்டுகளாகத் தொண்டை வறளப் பேசி வருகிறார். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று தமிழ் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. ஆனால் சொல்லில் பிரித்ததை நாம் மனத்திலும் பிரித்திருக்கிறோமா என்பதுதான் சந்தேகம். இலவசமாக வந்த பொருளைச் சற்று இளப்பமாகவே பார்க்கிறோம். அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் என்ற பெயர் வருமோ என்று அஞ்சவும் செய்கிறோம். இளப்பமும் அச்சமும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

படங்களைத் திருத்தும் இரண்டு மென்பொருள்களைப் பற்றி நெடுநாளாக நடந்து வரும் வழக்கு ஒன்று உண்டு. ஒன்று, அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப். மற்றொன்று, யாருக்கும் சொந்தமில்லாத, அதனாலேயே எல்லோருக்கும் சொந்தமான கிம்ப். முன்னது காசுக்கு, பின்னது காசின்றி. முன்னது எளிது, பின்னது படுத்துகிறது என்பது ஒரு கட்சி. படுத்துவது மென்பொருள் அல்ல, உன் பழக்கம் என்பது எதிர்க்கட்சி. மேலோட்டமாகப் பார்த்தால் இது தொழில்காரர்களின் சச்சரவு. கொஞ்சம் உள்ளே போனால், கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே என்ன கடமை உண்டு என்ற பழைய தர்மக் கேள்வியில் கொண்டுபோய் விடுகிறது.

இரண்டின் பிறப்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது வேடிக்கை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், 1987-இல் தம் கம்ப்யூட்டரில் படம் காட்டுவதற்காக எழுதிய சிறு நிரல்தான், தம்பி ஜான் நோலின் ஊக்கத்தால் வளர்ந்து, 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கிம்ப்பைத் தொடங்கியவர்களும் மாணவர்கள்தாம். பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இருவரும் 1995-இல் தொடங்கி, அடுத்த ஆண்டு ஊருக்குக் கொடுத்தார்கள். சன்னல்களையும் பொத்தான்களையும் வரைவதற்கு அப்போதிருந்த மோட்டிஃப் என்ற கருவித் தொகுதி இன்னொருவருடைய உடைமையாக இருந்ததால், மேட்டிஸ் தாமே புதிதாக ஒன்றை எழுதினார். ஜிடிகே எனப்படும் அந்தத் தொகுதியின்மேல்தான் பிறகு லினக்ஸ் உலகின் ‘க்னோம்’ என்ற மேசைச் சூழல் முழுதும் எழுந்தது. படம் திருத்த ஒரு கருவி செய்யப் போய், ஓர் ஊருக்கே தச்சுப்பட்டறை அமைத்துக் கொடுத்த கதை. பட்டறை போட்டவர்கள் படிப்பு முடிந்து விலகிய பிறகும், முகம் தெரியாத வேறு சிலர் வந்து உளியை எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட ஒரு கொடையைக் குறை சொல்ல வாய் கூசத்தான் செய்கிறது.

கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். கிம்ப்பில் ஒரு வட்டம் வரைய நினைத்தவர்கள் நெடுங்காலம் பட்ட பாடு பிரசித்தம். வட்டம் வரைய என்று தனிக் கருவி இல்லை. முதலில் வட்டமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பட்டியலுக்குப் போய், தேர்ந்தெடுத்த இடத்தின் ஓரத்தில் கோடு இழுக்கும்படி கட்டளையிட வேண்டும். ஒரு படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டினால், அது படத்தோடு சேராமல் அந்தரத்தில் மிதந்துகொண்டு நிற்கும். நங்கூரம் பாய்ச்சினால்தான் நிலைகொள்ளும். உள்ளபடியே நங்கூரப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. 2012-இல் 2.8 பதிப்பு வரும் வரையில் கருவிப்பெட்டி ஒரு சன்னல், அடுக்குகள் ஒரு சன்னல், படம் ஒரு சன்னல் என்று திரையெங்கும் சிதறிக் கிடக்கும். ஒன்றைத் தேடும்போது மற்றொன்று ஒளிந்துகொள்ளும்.

இவையெல்லாம் பழக்கத்தின் கோளாறுதான் என்று சொல்லிவிட முடியுமா? ஓரளவு முடியும். போட்டோஷாப்பில் கை பழகியவனுக்கு வேறெந்த வீட்டு அடுப்பங்கரையும் அந்நியமாகத்தான் இருக்கும். உப்பு எந்த டப்பாவில் என்று தெரியாது. கிம்ப்பிலேயே தொடங்கியவர்கள் அதில் அற்புதமாக வேலை செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் கட்டுவது, விருந்தாளிக்குப் பசிக்கவில்லை என்று வீட்டுக்காரரே சொல்லிவிடுவது போன்றது. செய்த திருத்தத்தை அழிக்காமல் பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதியைப் போட்டோஷாப் 1996-லேயே தந்தது. கிம்ப்புக்கு அத்தகைய வசதி 2025 மார்ச்சில், 3.0 பதிப்பில்தான் வந்தது. இடையில் 29 ஆண்டுகள்! அச்சகத்துக்கு வேண்டிய நான்கு மை வண்ண முறையில் நேரடியாக வேலை செய்யும் வசதியும் வெகுகாலம் இல்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவரிடம் போய், இது உங்கள் பழக்கதோஷம் என்று சொன்னால் சிரிப்பார்.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் சுவையாகப்பட்டது, ‘சேமி’ என்ற ஒரு கட்டளையைப் பற்றிய தகராறு. அதே 2.8 பதிப்பில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, சேமி என்றால் அப்படியே ஜேபெக்காகச் சேமித்துவிடும். இனி அப்படி இல்லை. சேமி என்றால் கிம்ப்பின் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ‘ஏற்றுமதி’ என்று வேறு கட்டளை கொடுக்க வேண்டும். உபயோகிப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் செய்தவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: ஜேபெக்கில் அடுக்குகள் நிற்காது, தேர்வுகள் நிற்காது, படத்தின் நயமும் ஒவ்வொரு முறையும் சிறிது குறையும். உன் உழைப்பில் பாதியை எறிந்துவிட்டு, ‘சேமித்துவிட்டேன்’ என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? அது பொய்யல்லவா?

இதை ஒரு மென்பொருளின் சத்திய சோதனை என்றே சொல்லலாம். எனக்கு அந்தப் பிடிவாதத்தின்மேல் ஒரு மரியாதை உண்டு. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு புகைப்படத்தின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு அனுப்ப நினைப்பவனுக்கு அடுக்கு எதற்கு? அவன் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இழப்பில்லாதவனையும் நிறுத்தி வைத்துச் சத்தியம் போதிப்பது உண்மைமேல் உள்ள பற்றா, தன் உண்மைமேல் உள்ள பற்றா? போட்டோஷாப்பும் 2021-இல் இதைப்போல ஒரு மாற்றம் செய்தது. சேமிப்பதை ஒன்றாகவும், நகல் எடுத்துச் சேமிப்பதை வேறொன்றாகவும் பிரித்தது. அங்கும் கூச்சல் எழுந்தது. வேண்டியவர்கள் பழைய முறைக்கே திரும்பிக்கொள்ள ஒரு வசதியைச் சீக்கிரமே சேர்த்துக் கொடுத்தார்கள். சந்தா செலுத்துகிறவன் முகம் சுளித்தால் வியாபாரிக்குப் பொறுக்காது. அந்தப் பொறாமை லாபத்தில் பிறந்ததுதான். லாபத்தில் பிறந்தாலும் அது உபசாரந்தான் என்பதை மறுப்பதற்கில்லை.

நம் ஊர்களில் அன்னதானம் செய்பவர்களைக் கவனித்திருக்கிறேன். சிலர் இலையை நுனி இடப்பக்கம் வரும்படி போட்டு, தண்ணீர் தெளித்து, ‘நிதானமாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்லிப் பரிமாறுவார்கள். சிலர் காசு வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சோற்றை இலையில் வீசுவார்கள். உண்பவனுக்கு இரண்டும் வயிற்றை நிரப்பும். ஆனால் இரண்டாவது பந்தியிலிருந்து எழுந்து போகிறவன், காசு கொடுத்து ஓட்டலிலேயே சாப்பிட்டிருக்கலாம் என்று நினைத்தால் அவனை நன்றிகெட்டவன் என்பீர்களா? வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அது போதுமென்று விடாமல் விருந்தோம்பலுக்குத் தனியாக இன்னோர் அதிகாரமும் வைத்தார். கொடுப்பது ஒன்று, கொடுக்கும்போது பெறுபவன் முகத்தைப் பார்ப்பது வேறொன்று.

பெயர் விஷயத்தையே பாருங்களேன். ‘கிம்ப்’ என்பது முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் கால் ஊனமுற்றவர்களை ஏளனமாகக் குறிப்பது. பள்ளிக்கூடங்களில் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். பெயர் மாறவில்லை. 2019-இல் சிலர் அதே மென்பொருளைப் பிரதியெடுத்து ‘கிளிம்ப்ஸ்’ என்று வேறு பெயரிட்டு நடத்தினார்கள். ஆள் பலம் போதாமல் 2021-இல் நின்றுபோயிற்று. மாற்றும் சுதந்திரம் எல்லோருக்கும் இருந்தது. மாற்றி நடத்தும் தோள் வலிமை சிலருக்குக்கூட இல்லை. ‘பிடிக்கவில்லையென்றால் நீயே திருத்திக்கொள், மூலம்தான் திறந்து கிடக்கிறதே’ என்று சுதந்திரக் கட்சியார் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிளிம்ப்ஸ் ஞாபகம் வருகிறது. நிரல் எழுதத் தெரியாத கோடிப் பேருக்கு அந்த வாசல் திறந்திருந்தென்ன, மூடியிருந்தென்ன?

கல்யாணப் படங்கள் எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். “சார், முகூர்த்த மாசத்துலே ஒரு ராத்திரிக்கு இருநூறு படம் திருத்தணும். நான் சுதந்திரத்தைத் தேடிக்கிட்டு உக்காந்தா, பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பம் எங்கேன்னு வாசல்லே வந்து நிப்பாங்க” என்றார். நியாயமான பேச்சு. அடுத்தபடியாக, தாம் பத்து வருஷம் உபயோகித்த போட்டோஷாப் கடைத்தெருவில் சில்லறைக் காசுக்கு வாங்கிய திருட்டு வட்டு என்பதையும் வெட்கமில்லாமல் சொன்னார். அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நம் ஊர்களில் பாதிப் பேர் கற்றுக்கொண்டதே அப்படித்தான். படத்தை மாற்றிப் பொய் செய்தவனை ‘போட்டோஷாப் பண்ணிட்டான்’ என்று சொல்கிற அளவுக்கு அந்தப் பெயர் நம் பேச்சில் கலந்ததற்கும் அந்தத் திருட்டு வட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருடினவனுக்கு இரண்டு மென்பொருளும் ஒரே விலை. காசு மிச்சம் என்ற ஆதாயம் மறைந்துவிட்டபின், கிம்ப்பிடம் மிஞ்சியது சுதந்திரம் ஒன்றுதான். சௌகரியத்தோடு சுதந்திரத்தை வெறுங்கையுடன் மோத விட்டால் எது ஜெயிக்கும் என்பது தெரிந்த கதை.

ஆனால் சௌகரியத்தின் கணக்கையும் முழுதாகப் பார்க்க வேண்டாமா? 2013-இல் அடோபி நிறுவனம், இனிப் புதிய பதிப்புகளை விலைக்குக் கொடுப்பதில்லை, சந்தா மட்டுந்தான் என்று அறிவித்தது. அன்றிலிருந்து உளி தச்சனுடையது அல்ல, வாடகை. மாதம் தவறினால் பட்டறைக் கதவு சாத்திக்கொள்ளும். 2019 அக்டோபரில் வெனிசுலா நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்புப் போயிற்று. அமெரிக்க அரசின் தடை ஆணை காரணமாக அந்நாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளும் முடக்கப்படும் என்றது அது. சித்திரக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் மாணவர்களும் திகைத்துப் போனார்கள். அவர்கள் செய்த குற்றம் அந்த நாட்டில் பிறந்தது. அரசிடம் விசேஷ அனுமதி கிடைத்து, மாத முடிவுக்குள் முடக்கம் கைவிடப்பட்டது என்பது வேறு விஷயம். அந்தச் சில வாரங்கள் அவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? நங்கூரப் பொத்தானைத் தேடி அலுத்துக்கொண்டிருந்த கிம்ப்காரன், அந்த வாரங்களில் நிம்மதியாகத் தேடிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் உண்டு. 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபிமேல் வழக்குத் தொடர்ந்தது. ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்தினால் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்தார்கள், நிறுத்தும் வழியையும் சிக்கலாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. வழக்கின் நியாயம் எப்படியிருந்தாலும், குற்றச்சாட்டின் வடிவம் என்னை யோசிக்க வைத்தது. உள்ளே வருவதை இவ்வளவு எளிதாக்கத் தெரிந்தவர்கள்மேல், வெளியே போவதை வேண்டுமென்றே கடினமாக்கினார்கள் என்று புகார்! கிம்ப்பின் கரடுமுரடில் கள்ளம் இல்லை. தெரியாமையும் ஆளின்மையுந்தான் உண்டு. எளிமை என்பது தன்னளவில் புண்ணியமும் அல்ல, பாவமும் அல்ல. யாருடைய நன்மைக்காக எளிதாக்கினாய் என்று கேட்ட பிறகுதான் அதற்கு நிறம் வருகிறது.

அப்படியானால், சுதந்திரம் வேண்டுமென்றால் கரடுமுரடைச் சகித்துக்கொள்வதுதான் விதியா? பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். கதர் முரடாக இருந்தால்தான் தேசபக்தி என்று நினைத்த தலைமுறையைப் போல. நான் நம்பவில்லை. முப்பரிமாண உருவங்கள் செய்யும் ‘பிளெண்டர்’ என்ற மென்பொருளின் கதை இருக்கிறதே. 2002-இல் அதை நடத்திய கம்பெனி மூழ்கியபோது, அதை எழுதிய டன் ரோசன்டால் என்ற டச்சுக்காரர் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ வசூலித்து, முதலீட்டாளர்களிடமிருந்து அதை மீட்டு ஊருக்குப் பொதுவாக்கினார். அதுவும் வெகுகாலம் முரட்டுப் பிள்ளையாகத்தான் இருந்தது. உலகமெல்லாம் இடது பொத்தானால் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அது மட்டும் வலது பொத்தானால் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 2019-இல் வந்த 2.80 பதிப்பில் அந்தக் கௌரவத்தை விட்டுக்கொடுத்து, முகத்தையே மாற்றிக்கொண்டார்கள். பழைய அடியார்களுக்கு வருத்தந்தான். அவர்கள் விரும்பினால் வலது பொத்தானையே வைத்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள். லாட்விய நாட்டுக்காரர் ஒருவர் பிளெண்டரைக் கொண்டு எடுத்த ‘ஃப்ளோ’ என்ற பூனைப் படத்துக்கு 2025-இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அந்த மென்பொருளின் சுதந்திரத்தில் ஓர் அணுவும் இதனால் குறையவில்லை.

கிம்ப்பின் விஷயத்தில் பணமும் ஆளும் குறைவு என்பதை நான் மறக்கவில்லை. ஏறக்குறைய 30,000 பேர் சம்பளம் வாங்கும் நிறுவனத்தோடு, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் ஓய்வு நேரத்தில் செய்யும் காரியத்தை நிறுத்துப் பார்ப்பதே அநியாயம் என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நிறுத்துப் பார்க்க வேண்டாம். 2018-இல் வந்த 2.10 பதிப்புக்கும் 3.0 பதிப்புக்கும் இடையே ஏழு ஆண்டுகள், கூலி கேட்காமல் உழைத்தவர்கள் அவர்கள். அந்தப் புதிய பதிப்பில் ஒட்டிய துண்டு இப்போது அந்தரத்தில் தொங்குவதில்லை; தானாகவே தனி அடுக்காகிவிடுகிறது. நங்கூரத்துக்கு அநேகமாக வேலையில்லை. யாரோ ஒருவர், யாரோ ஒரு பயந்த புதியவனின் முகத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்து அதைச் செய்திருக்க வேண்டும்.