குருத்தில் தெரிவது மூட்டில் நடந்தது



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு இன்று. லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கப் பகுதியைக் கேட்டோம். பலி செலுத்தப் போன கலிலேயரைப் பிலாத்து கொன்றுபோட்ட செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்ததை இயேசுவே எடுத்துச் சொல்கிறார். இப்படி ஒரு சாவு வந்தால் ஊர் முதலில் கேட்பது, செத்தவன் என்ன பாவம் செய்தானோ என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு ஆண்டவர் இடமே கொடுக்கவில்லை. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, கேட்டு நின்றவர்களை மனம் மாறச் சொல்கிறார். அதையடுத்து அத்தி மரத்தின் உவமை வருகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர், வெட்டிவிடு என்கிறார். தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். கேட்கும்போதே, மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு போடுவதாகவும் சொல்கிறார்.

உரிமையாளரின் கண் கிளையில் இருக்கிறது. தோட்டக்காரரின் கண் வேரில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நமக்கு அத்தி மரம் வேண்டாம். நம் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் வாழை போதும்.

வீடு சந்திப்புக்கு வரும்போதெல்லாம் இந்த ஆண்டு பலரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறீர்கள். "ஃபாதர், பழைய இலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, புதுசா வர்ற குருத்து மட்டும் சுருண்டு, குறுகி, கிழிஞ்சு வருது. யாரு கண்ணு பட்டுதோ தெரியல." மட்டி வாழை வைத்த வீட்டிலும் கேட்டேன், செவ்வாழை வைத்த வீட்டிலும் கேட்டேன். சீலோவாம் கோபுரம் விழுந்தபோது யூதேயாவில் எழுந்த அதே கேள்விதான் இது. யார் குற்றம்? யார் கண்? ஆண்டவர் அங்கே சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன்: குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள்.

வாழையின் உடலமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாம் தண்டு என்று சொல்லும் அந்த உயரமான பகுதி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகள்தான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. வளர்முனை அந்தக் கிழங்கின் உச்சியில், ஏறக்குறைய மண்மட்டத்தில், வாழையின் மூட்டில் இருக்கிறது. இலை பிறப்பது அங்கேதான். பிறந்த இலை, சுருட்டி வைத்த பாய்போல, மட்டைகளின் நடுவே மெல்ல மேலேறி உச்சியில் குருத்தாக எட்டிப்பார்க்கிறது. நல்ல வெயிலும் தண்ணீரும் இருந்தால் 7 முதல் 10 நாளுக்கு ஓர் இலை விரியும். ஆனால் இன்று விரிந்த இலை இன்று உருவானதில்லை. பல வாரங்களாக உள்ளே வளர்ந்து, இருட்டில் ஏறி வந்தது அது. அதன் முகத்தில் காணும் கோணல், அது மூட்டுக்கு அருகே கிடந்த காலத்தில் விழுந்தது. நாம் இன்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

வரிசையாக ஓட்டை விழுந்த வாழை இலையைப் பார்த்திருப்பீர்கள். நரம்பின் இருபுறமும் ஒரே இடைவெளியில், அளவெடுத்துக் குத்தியதுபோல இருக்கும். பத்துப் பதினைந்து பூச்சிகள் வரிசையில் நின்று கடிக்கவில்லை. இலை சுருண்ட குருத்தாக இருந்தபோது ஒரு பூச்சி ஒரே ஒரு முறை கடித்தது. அந்த ஒரு கடி எல்லாச் சுருள்களையும் துளைத்துப் போயிற்று. இலை விரிந்தபோது ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. நம் பிள்ளைகளில் சிலரிடம் ஒரே குறை பத்து இடத்தில் தெரிகிறது. படிப்பில் தெரிகிறது, பேச்சில் தெரிகிறது, கோவிலுக்கு வராததில் தெரிகிறது. பத்துக் குற்றம் என்று நாம் எண்ணி வைத்திருப்பது, ஐந்தாறு வயதில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையின் தடமாக இருக்கலாம். அந்த வார்த்தையைச் சொன்னவர் மறந்துவிட்டிருப்பார்.

நோயே இல்லாததை நோய் என்று எண்ணிக் கலங்குகிறவர்களும் நம்மில் உண்டு. காற்றடித்து நரம்போடு நரம்பாகக் கிழிந்த இலைக்கு ஒன்றுமில்லை. அப்படிக் கிழிந்து காற்றுக்கு வழிவிடுவதால்தான் வாழை சாயாமல் நிற்கிறது. மூட்டில் முளைக்கும் ஈட்டிக்கன்றின் இலை ஒடுங்கி, கத்திபோலத்தான் இருக்கும். நடுவதற்கு உகந்த கன்று அதுவே. அகன்ற இலையோடு பார்க்க அழகாக நிற்கும் நீர்க்கன்றுக்கு அடிக்கிழங்கில் பலம் இல்லை. குலை தள்ளுவதற்குச் சற்று முன் வரும் கடைசி இலையும் மிகச் சிறியதாகவே வரும். அதைப் பார்த்துப் பதறி உரத்தைக் கொட்டாதீர்கள்.

இனி உண்மையான குறைகளுக்கு வருகிறேன். இலைப்பரப்பு பாதி உருவாகாமல், நடு நரம்பு மட்டும் முள்போல நீட்டிக்கொண்டு ஒரு குருத்து வந்தால், பெரும்பாலும் அது சுண்ணாம்புச் சத்துக் குறை. இதில் நான் மிகவும் யோசித்த ஒன்று உண்டு. பல வேளைகளில் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும். பழைய இலைகளிலும் இருக்கும். குருத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் பயணம் செய்யும். ஒருமுறை ஓர் இலையில் தங்கிவிட்டால் அங்கிருந்து புதிய இலைக்கு நகராது. பத்து நாள் காயப்போட்டுவிட்டு ஒரே நாளில் குளம்போலத் தண்ணீர் விடும் வீட்டிலும், குளிர் போய்த் திடீரென்று வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்திலும், குருத்து பட்டினி கிடக்கும். வளைகுடாவிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்பும் தந்தையே, விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாயே, உங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்கும் அது தெரியும்படி தினமும் கொஞ்சம் போய்ச் சேர்கிறதா? ஆண்டுக்கொரு முறை பெட்டி நிறையக் கொண்டுவருவதைவிட, இரவில் பத்து நிமிடம் போனில் பிள்ளை பேசுவதைக் கேட்பது பெரிது.

போரான் குறைந்தால் இலை சுருங்கி, நரம்புகளுக்குக் குறுக்கே வெளிறிய கோடுகள் விழும். துத்தநாகம் குறைந்தால் குருத்து ஒடுங்கி, வெள்ளையும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக வரும். இவற்றுக்கு மருந்து உண்டு. திருச்சியில் 1993 முதல் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பனானா சக்தி என்ற நுண்ணூட்டக் கலவையைத் தருகிறது. வாழை இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் உருண்டோடிவிடும். அதனால் இத்தகைய கலவையோடு எலுமிச்சைச் சாறும் ஒரு ஷாம்பு பொட்டலமும் சேர்த்துத் தெளிப்பது வழக்கம்.

வேலியோரம் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தவர்கள், அடுத்த சில வாரங்களில் வாழைக் குருத்து முறுக்கி, வெளிறி வந்தால், முதலில் அதை நினைத்துப் பாருங்கள். காற்றில் வந்த சிறு துளி போதும். தாய்வாழையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கன்றில் அந்த மருந்தைத் தடவினாலும் கிழங்கு வழியாகத் தாய்க்குப் போய்விடும். பட்டது கொஞ்சம் என்றால் சில இலைகள் கோணலாக வந்த பிறகு நல்ல இலை வரும். தோட்டக்காரர் கேட்ட தவணை இதற்குத்தான். அந்தத் தவணையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால், சகோதர சகோதரிகளே, தவணை கொடுக்கக் கூடாத ஒரு நோயும் இருக்கிறது. முடிக்கொத்து நோய். இலைகள் வரவரக் குட்டையாகி, ஒடுங்கி, ஓரம் மஞ்சளித்து, செங்குத்தாக உச்சியில் ஒரு கொத்தாக நெருங்கி நிற்கும். அந்த நிலைக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். இலைக்காம்பில் வெள்ளைப் பொடிபோல இருக்கும் மெழுகை விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அடர்பச்சை நிறத்தில் புள்ளியும் சிறு கோடுமாகத் தெரியும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து, நடு நரம்பை ஒட்டிய அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பச்சைக் கோடுகள் கொக்கிபோல வளைந்து நடு நரம்புக்குள் இறங்கும். இது வைரஸ். இதற்கு மருந்து இல்லை. வெட்டரிவாளால் இது பரவாது. மட்டையின் இடுக்கில் ஒளிந்து வாழும் கருமையான அசுவினிப் பூச்சியால் பரவும். மூட்டில் எறும்பு ஏறி இறங்கினால் அங்கே அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட வேகமாகவும் தூரமாகவும் இதைப் பரப்புவது நாம்தான். நல்ல ரகம் என்று ஆசையாகக் கன்று தோண்டி மகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கொடுத்து விடுகிறோமே, அந்தக் கன்றில் போகிறது.

கொடுக்கும்போது கன்றில் ஒன்றும் தெரியாது. நோய் தொற்றிய பிறகு புதிதாக இரண்டு இலைகளாவது வந்தால்தான் அடையாளம் வெளியே வரும். ஏற்கெனவே விரிந்த இலைகள் கடைசிவரை அழகாகவே இருக்கும். இப்படித்தான் இலங்கையில் 1913-இல் காணப்பட்ட இந்த நோய் 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்தது. கீழ்ப் பழனி மலையில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் நின்ற மலை வாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதில் இந்த நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை அது. ஆஸ்திரேலியாவில் 1920-களில் வாழை விவசாயமே விழுந்துபோனது. அங்கே அதைத் தூக்கி நிறுத்தியது மருந்து இல்லை. நோய் கண்டதைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது, சந்தேகமான கன்றை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது என்று எல்லாரும் சேர்ந்து கட்டுப்பட்டார்கள்.

இங்கே கவனமாகக் கேளுங்கள். எந்த மனிதரையும் முடிக்கொத்து வாழை என்று சொல்ல எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. மனிதருக்கு எப்போதும் இன்னும் ஓராண்டு உண்டு. ஆனால் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கன்றோடு கன்றாகக் கைமாறும் ஒன்று இருக்கிறது. சாதிப் பெருமை. குழந்தையிடம் அது தெரியாது. முதல் நற்கருணை வாங்கும் நாளில் வெள்ளை உடுப்போடு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். பிறகு யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரோடு பழகலாம் என்று சாப்பாட்டு வேளையில் மெல்லச் சொல்லிக் கொடுக்கிறோம். கலியாணப் பேச்சு வரும்போது புள்ளியும் கோடும் தெரிகிறது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிக்குச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழகத் திருச்சபையில் உண்டு. இதற்கு எரு போட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் பொறுக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தவக்காலத்தில் ஆண்டவர் கேட்கும் மனமாற்றம் இதைக் கிழங்கோடு தோண்டுவதுதான். நல்ல குடும்பம், நல்ல பழக்கம் என்ற பெயரில் அடுத்த வீட்டுக்குக் கொடுத்து விடுவதையும் அன்றே நிறுத்த வேண்டும்.

மீதி எல்லாவற்றுக்கும் பொறுமை தேவை. கோணலாக விரிந்த இலை ஒருபோதும் நிமிராது. சத்துக் கொடுத்தாலும், தண்ணீர் விட்டாலும், அது வந்தபடியேதான் இருக்கும். பலரும் நான்கு நாள் பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் அந்த இலையை அறுத்துப் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். நாம் செய்த வேலை பலித்ததா என்பது அடுத்த குருத்திலும் அதற்கடுத்ததிலும் தெரியும். அதுவரை அந்தக் கோணல் இலையும் பச்சையாக இருக்கும் மட்டும் வெயிலை வாங்கி உணவு சமைத்து, வரப்போகும் இலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குடியை விட்டு வந்த சகோதரரே, உம் பழைய ஆண்டுகளை யாராலும் நேராக்கித் தர முடியாது. அந்த ஆண்டுகள் உமக்குக் கற்றுத் தந்ததை உம் மகனுக்கு உணவாகக் கொடுக்கலாம். அவரைத் தினமும் பழையதைச் சொல்லிக் குத்துகிறவர்களே, நீங்கள் பார்ப்பது பல மாதங்களுக்கு முன் உருவான இலை.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை நம் இளைஞர்கள் அன்பியம் அன்பியமாக உங்கள் வீடுகளுக்கு வருவார்கள். இலைக்காம்பைத் துடைத்துப் பார்க்க அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். முடிக்கொத்து என்று உறுதியானால், முதலில் அசுவினி சாகும்படி மருந்து தெளித்துவிட்டு, பிறகு தாயையும் கன்றுகளையும் கிழங்கோடு தோண்டி எடுப்பார்கள். தெளிக்காமல் அசைத்தால் பூச்சி பக்கத்து வீட்டு வாழைக்குப் போய்விடும். எங்கள் வாழையில் நோய் இருக்கிறது என்று அடுத்த வீட்டாரிடம் நீங்களே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். இடம் காலியான வீடுகளுக்கு வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று வாங்கித் தரலாம் என்று பங்குப் பேரவை ஒத்துக்கொண்டிருக்கிறது. வேண்டியவர்கள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். இந்த ஆண்டு யாரும் வீட்டுக் கன்றைத் தோண்டி யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.