ஞாயிற்றுக் கொழுந்தும் பிடித்துவைத்த கூலியும்

2024 மே முதலாம் திகதி கொட்டகலை மேதின மேடையில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் இனி 1,700 ரூபா என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. மேடையில் கேட்ட தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் இடையே நாளொன்றுக்கு 350 ரூபா காணாமல் போயிருந்தது.

அந்த 350 ரூபாவைப் பற்றி எத்தனை ஆலயங்களில் பிரசங்கம் நடந்திருக்கும்?

பிரசங்கம் செய்யப் போகிறவர்கள் படிக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி, அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் சபைகள் கூடி நடத்துவது. தமிழிலும் சிங்களத்திலும் பாடம் நடக்கிறது. அங்கே படிக்கும் மாணவர் ஒருவர் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டச் சபைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது காலி வாங்குகள்தான். கொழுந்து தழைக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மலையில் ஆள் நிற்கும். கிலோக் கணக்கில் கையோடு காசு கிடைக்கும் 'கைக்காசு' வேலை அது. ஆராதனைக்கு வராமல் கைக்காசுக்குப் போகும் பெண்ணை அந்த மாணவர் பிரசங்கத்தில் கண்டிக்கலாமா?

கூடாது. ஓய்வுநாளை மீறியவள் என்று அவளைச் சுட்டும் விரல் தவறான ஆளைச் சுட்டுகிறது. ஆறு நாள் உழைப்புக்கு ஏழாம் நாள் ஓய்வு கொள்ளும் அளவுக்குக் கூலி கொடாதவர்களே அவளுடைய ஓய்வுநாளைப் பறித்தவர்கள். பிரசங்க பீடம் பெயர் சொல்லவேண்டிய பாவம் அதுதான்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ, சிலவற்றில் 20 கிலோ பறித்தால்தான் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழியும் கிலோ வேறு. மழை வாரத்தில் இரண்டு அரைப் பேர் விழுந்தவளுக்கு, வர்த்தமானியில் உள்ள நாட்சம்பளம் அந்த வாரம் முழுதாகக் கைக்கு வராது. அவள் ஞாயிறு காலை கூடையை மாட்டுவது பேராசையால் அல்ல. கடைக்காரனின் கடன் கொப்பியைக் கண்டுதான்.

வேதாகமம் இந்த இடத்தில் சுற்றிவளைக்கவில்லை. பொழுது சாயுமுன் ஏழையின் கூலியைக் கொடுத்துவிட வேண்டும், அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது உபாகமம் 24. கூலியை விடியும்வரை வைத்திருப்பதைக் கொள்ளையின் பக்கத்தில் வைத்துத் தடுக்கிறது லேவியராகமம் 19. யோயாக்கீம் அரசன், வேலை வாங்கிக் கூலி கொடாமல் மாளிகை கட்டினான் என்பதற்காகவே எரேமியாவின் வாயால் சாபம் வாங்கினான். வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். நீதி இல்லாத இடத்துப் பண்டிகையையும் பாட்டையும் கடவுள் வெறுக்கிறார் என்றார் ஆமோஸ். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்று இயேசுவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். துன்பம் தாங்காது அழுதவர் கண்ணீர் அரசனின் செல்வத்தையே அரித்துவிடும் என்று வள்ளுவரும் எச்சரித்தார். இத்தனை சாட்சிகளுக்குப் பிறகும் சபை வாய் மூடியிருந்தால் அந்த மௌனத்துக்குப் பக்தி என்று பெயர் வைக்க முடியாது.

சீர்திருத்தச் சபைகளின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, 1791இல் சாவுக்குச் சில நாட்கள் முன் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதிய கடிதம் அடிமை வியாபாரத்துக்கு எதிரானது. 1834இல் இங்கிலாந்தின் டோல்படில் கிராமத்தில் கூலிக் குறைப்புக்கு எதிராகச் சங்கம் சேர்ந்த ஆறு பண்ணையாட்கள் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களை வழிநடத்திய ஜோர்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்ட் பிரசங்கியார். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், குருநாகல் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தமிழருக்கு இழைத்த கொடுமைக்காகச் சிங்களவர் வெட்கப்பட வேண்டும் என்று தம் மக்களிடமே சொன்னார். கேட்போருக்கு இனிக்குமா என்று அவர் பார்க்கவில்லை.

மறுபக்கத்துக்கும் சொல்ல இருக்கிறது. மலையகத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், சம்பளம் பேசும் போதகர்மீது கட்சிச் சாயம் எளிதில் விழும். உற்பத்திச் செலவு தாங்கவில்லை என்று கம்பனிகளும் சொல்கின்றன. இவை பிரசங்கியாரை நிதானமாகப் பேச வைக்கலாம். பேசாமலிருக்க வைக்க முடியாது.

மௌனத்துக்கு இங்கே ஒரு பழைய வேர் உண்டு. 1854இல் உருவான தமிழ்க் கூலி மிஷன், தோட்டத் துரைமாரின் ஆதரவோடும் சந்தாப் பணத்தோடும் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள்; எழுத்தறிவும் ஜெபமும் லயங்களுக்குப் போயின. அவர்கள் செய்த நன்மை பெரிது. ஆனால் துரையின் பணத்தில் நடந்த ஊழியம் துரையின் தராசைப் பற்றி எப்படிப் பேசும்? அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக விட்டபாடில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது சபைகள் அரிசியும் போர்வையும் சுமந்து ஓடின. தர்மம் செய்யக் கூசாத கைகள் நியாயம் கேட்கத்தான் கூசுகின்றன. 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,750 ரூபா என்று வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அதில் 200 ரூபா அரசு தரும் வருகை ஊக்குவிப்பு. அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வருகிறதா என்று கேட்கும் கடமை சபைக்கும் உண்டு.

ஆகவே போதகராகப் போகும் பிள்ளைகள் எபிரேயமும் கிரேக்கமும் படிக்கட்டும்; ஒரு சம்பளச் சீட்டை வாசிக்கவும் படிக்கட்டும். திங்கட்கிழமை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று யாருக்கு அரைப் பேர் விழுந்தது என்று விசாரிக்கட்டும். கைக்காசுக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு மாலையிலும் ஓர் ஆராதனை வைக்கட்டும். கம்பனியைக் கேள்வி கேட்கும் சபை தன் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். 2021 ஜூலையில், கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவர் வீட்டில் வேலைக்கு நின்ற டயகமத் தோட்டத்துச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்தாள். வயது 16. தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கும் வீடுகளில் கிறிஸ்தவ வீடுகளும் உண்டு. அங்கே என்ன கூலி, என்ன ஓய்வு என்று போதகர்தான் கேட்க வேண்டும். சபையின் வருடாந்தக் கூட்டத்தில் காணிக்கைக் கணக்கு வாசிக்கும்போது, ஆலயம் பெருக்கும் பெண்ணுக்குச் சபை கொடுக்கும் நாட்சம்பளத்தையும் எல்லோர் காதிலும் விழ வாசிக்க வேண்டும்.