ஏறச் சொன்ன வண்டி

மலாக்காவில் ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, பசியாறிவிட்டு எல்லோரும் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தபோது நடந்த ஒரு சின்னஞ்சிறு காரியம், பத்து மாதங்கள் கழிந்த பின்னும் என் மனத்தை விட்டு அகலாமல், நடு இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. என் அத்தை, அதாவது என் தகப்பனாரின் தங்கை, 85 வயதானவர், அங்கிருந்து நேரே பினாங்கிலுள்ள தம் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. பேருந்தின் நேரத்தையும் ரயிலின் நேரத்தையும் கட்டணங்களோடு கைப்பேசியில் எடுத்து அவர் முன்னே நீட்டி, "அத்தை, எதுல போகலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி, அதன் முகம் கீழே இருக்கும்படி பாயில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தம் உள்ளங்கையை ஒரு கணம் பதித்து, "நீ ஏத்துற வண்டியில நான் ஏறிக்கிறேன், தம்பி" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். வெளியே யாரோ வாழைமரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேருந்துக்குச் சீட்டு எடுத்தேன்.

அந்த முடிவில் பிழை இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஒரே பதிவில், மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்று சேர்த்து எழுதிவிட்டது. ஆனால் ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும் அவ்விரு நகரங்களுக்கும் இடையே தரையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கிடக்கிறது, இரண்டில் ஒன்றுக்குள்ளும் ரயில் நுழைவதில்லை. மலாக்காவிலிருந்து ரயிலுக்குப் போக வேண்டுமானால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் காரில் போய்த் தம்பினை ஒட்டிய புலாவ் செபாங் நிலையத்தில் ஏற வேண்டும். மறுமுனையிலோ பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் கடலைத் தாண்ட வேண்டும். ஜார்ஜ் டவுன் கடற்கரையில் மணிக்கூண்டோடு நிற்கும் பழைய ரயில்வே கட்டடத்தில் அந்த நாளில் பயணச்சீட்டு விற்றார்கள். ரயில் மட்டும் ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. கார், ரயில், பெர்ரி, மறுபடி கார் என்று நான்கு முறை ஏறி இறங்குவதை அத்தையின் முழங்கால் தாங்காது. மலாக்கா சென்ட்ரலில் ஏறினால் பேருந்து ஒரே இருக்கையில் கொண்டு சேர்த்துவிடும். ஆகவே முடிவு நியாயமானது. நியாயமான ஒரு முடிவு ஏன் இப்படி உறுத்துகிறது என்பதுதான் விளங்காமல் இருக்கிறது.

அதே வாரத்தில் என் மகள் தோழிகள் இருவரோடு உஸ்பெகிஸ்தானுக்குப் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமர்கந்திலிருந்து புகாராவுக்கு எப்படிப் போவது என்ற ஒரே கேள்வி, ரவாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை ஏழெட்டு நாட்கள் தன் வசத்தில் வைத்திருந்தது. ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தூரம். சமர்கந்தின் ஆதி நகரம் மண்மேடாகக் கிடக்கும் அஃப்ரோசியாப்பின் பெயரைத் தாங்கிய அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும் என்றாலும் சீட்டு முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்றாள் ஒருத்தி. பழைய ரயிலில் மெதுவாகப் போனால் ஊர்ச் சனங்களோடு பேசிக்கொண்டு போகலாம் என்றாள் இன்னொருத்தி. என் மகளோ, வாடகைக் கார் எடுத்தால் நவோயி நகருக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில், 11ஆம் நூற்றாண்டில் கட்டிய ரபாதி மாலிக் என்ற சத்திரத்தின் வாசல் மட்டும் தனித்து நிற்பதையும், எதிரே பாலைவனத்து வணிகர்களின் தாகம் தீர்த்த குவிமாட நீர்த்தொட்டியையும் இறங்கிப் பார்க்கலாம் என்று வாதாடினாள். சுவர்களெல்லாம் போய், உள்ளே ஒன்றுமில்லாத வெட்டவெளியைக் காத்துக்கொண்டு நிற்கும் அந்த வாசலின் படத்தை எனக்குக் காட்டினாள். அதற்காகவே அவர்கள் காரில் போனார்கள். ஒரு வாசலுக்காக மூன்று பெண்கள் ஒரு வாரம் தர்க்கம் செய்ததை எண்ணினால் எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருக்கிறது.

மகளின் பேச்சில் ககான் என்ற ஊர்ப்பெயர் வந்தபோது, தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அட்டை கிழிந்த ஏதோ ஒரு புத்தகத்தில் படித்தது அரைகுறையாக ஞாபகம் வந்தது. 1888இல் ருஷ்யர்களின் ரயில் மத்திய ஆசியாவின் பாலையைத் தாண்டிச் சமர்கந்தை எட்டியபோது, புகாரா அதைத் தன் கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் வரவிடவில்லை. சைத்தானின் வண்டி என்று பெயர் சூட்டி அதைப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தியது. அப்படி நின்ற இடம்தான் ககான். இன்றும் புகாராவுக்கு ரயிலில் போகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். ரயிலை வேண்டாமென்றது அறியாமையாகவே இருக்கட்டும், வேண்டாமென்று சொல்ல அந்நகரத்துக்கு ஒரு வாய் இருந்தது. அதன் சொல் நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் இக்காலத்திலும் ஒரு ரயில் நிலையத்தின் தூரமாக நிலைத்திருக்கிறது.

மலாக்காவின் கதை அப்படியன்று. மலாக்கா நகரத்துக்குள் ரயில் வந்துகொண்டிருந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905இல் போட்ட கிளைப் பாதை, நாற்பது ஆண்டுகளை எட்டும் முன்னரே, ஜப்பானியர் ஆட்சியில் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டது. போர் ஓய்ந்த பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. அத்தையை ரயிலில் அழைத்துப் போக முடியாமற்போன காரணத்தைத் தேடிப் போனால், கடைசியில் அந்தச் சயாம் காட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அங்கே போய் நின்றால், என் தாத்தா இருக்கிறார்.

ரவாங்குக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். 1943இல் ஒரு விடியற்காலையில், ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்துக்கு லாரி வந்தது. மூன்று மாத வேலை, கூலியோடு அரிசியும் கிடைக்கும் என்று கிராணி வாசித்தார். லாரியில் கோலாலம்பூர்வரை கொண்டுபோய், அங்கே சரக்குப் பெட்டியில் அடைத்தார்கள். பான் போங்கிலிருந்து தான்பியூசயாட்வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அந்த ஆண்டு அக்டோபரில் முடித்துவிட்டார்கள். தாத்தா திரும்பவில்லை. அந்தக் காட்டில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர்களைக் காட்டிலும் பன்மடங்காக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம் பேர். தோட்டத்து ஆளுக்கு அவனவன் பெயரில் கல் நாட்டியவர் இல்லை. மலாக்காவின் தண்டவாளமும் என் தாத்தாவும் ஒரே திசையில், ஒருவேளை சில மாத இடைவெளியில், போயிருக்கிறார்கள் என்பது இந்த வயதில்தான் எனக்கு உறைத்தது. தாத்தா போனபோது அத்தைக்கு மூன்று வயது.

என் சிறுவயதில் ரவாங் ரயில்வே கேட்டின் அருகே நின்று சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணுவதைப்போல இன்பமான காரியம் வேறொன்றும் இருந்ததில்லை. கோலாலம்பூரிலிருந்து ரவாங்குக்கு 1892இலேயே ரயில் வந்துவிட்டது. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் சேர்ந்து நடத்திய ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தால் தண்ணீர் இறைத்த ஊர் இது என்று எங்கள் வாத்தியார் வகுப்பில் பெருமையோடு சொல்வார். அந்தப் பெருமையெல்லாம் அன்று என்னைத் தொட்டதில்லை. பெட்டிகளின் எண்ணிக்கைதான் எனக்குப் பெரிது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று நான் உரக்க எண்ணும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பா ஒருபோதும் கூடச் சேர்ந்து எண்ணமாட்டார். கடைசிப் பெட்டி கடந்து கேட் திறந்த பிறகும் என் விரல்களை அவர் பிடித்திருந்த இறுக்கம் சிறிது நேரம் தளராது. தண்டவாளத்துப் பக்கம் ஓடிவிடுவேன் என்ற பயம் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படித்தானோ என்னவோ.

பாட்டி தாத்தாவைப் பற்றி அதிகம் பேசியவரல்லர். கேட்டால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே மூன்று சொற்களில் முடித்துவிடுவார்: "ஏறச் சொன்னாங்க. ஏறிட்டாரு." அதில் கோபம் இருக்காது, அழுகையும் இருக்காது. மழை வந்தது, துணி நனைந்தது என்று சொல்கிறவர்களின் குரல். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறச் சொன்னபோது ஏறினவர்களின் பிள்ளைதானே தாத்தாவும். துறைமுகத்தில் இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கி, காட்டிய லயத்தில் குடியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பிரயாணம் என்ற சொல்லுக்கு ஏறு, இறங்கு என்னும் இரண்டு ஏவல்களே வெகுகாலம் பொருளாக இருந்திருக்கின்றன. எதில் போகலாம் என்ற கேள்வி எங்கள் வம்சத்தில் என் மகளுக்குத்தான் முதன்முதலாகத் தாராளமாக வாய்த்தது.

ஆகவே, மலாக்காவில் அன்று காலை அத்தை சொன்ன சொல்லில் அந்தப் பழைய சொல்லின் எதிரொலி இருந்ததா என்பதுதான் என்னை வாட்டுகிறது. மூன்று தலைமுறைகளாக எங்களை ஏற்றினவர்கள் வரிசையில் கடைசி ஆளாக நான் நின்று, "நீங்களே சொல்லுங்க" என்ற மரியாதையான வார்த்தையோடு, முன்னரே என் மனத்தில் தீர்மானித்துவிட்ட வண்டியில் அவரை ஏற்றினேனோ? கேட்கும் முன்னரே பேருந்தின் பக்கத்தை முதலாவதாகவும் ரயிலின் பக்கத்தை இரண்டாவதாகவும் திறந்து வைத்திருந்தேன். அவர் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத ஆங்கிலத்தில் அவை இருந்தன. அதைத் தேர்வு என்று எப்படி அழைப்பது? அந்த உள்ளங்கையை நினைத்துக்கொள்கிறேன். பால்மரத்துக் கத்தியைப் பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரலின் அடியில் தழும்பேறிய கை அது. கண்ணாடித் திரையைக் கவிழ்த்து, ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் அதன்மேல் படிந்தது.

ஒரு வினைச்சொல்லின் மேல் இத்தனை பாரத்தை ஏற்றுவது சரியா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. வண்டியில் ஏறுவதை வேறெந்தச் சொல்லால் அவர் சொல்லியிருக்க முடியும்? வயதானவர்கள் தம்மை ஒரு பிள்ளையிடம் ஒப்படைப்பதில் உள்ள இளைப்பாறுதலை நான் பார்த்திருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் பால்வாளியையும் குடும்பத்தையும் தாமே தூக்கிச் சுமந்தவர், இதை நீ தூக்கு என்று சொல்வதும் ஒரு சுதந்திரம்தான். மகள் ஒரு வாரம் யோசித்துத் தேர்ந்தாள், அத்தை ஒரு கணத்தில் தேர்ந்தார், தேர்ந்தது வண்டியை அன்று, என்னை, என்றும் எண்ணிப் பார்க்கிறேன். அப்படி எண்ணும்போது மனம் சற்று லேசாகிறது. லேசாவதனாலேயே அதை முழுவதும் நம்பவும் அஞ்சுகிறேன்.

பேருந்துப் பிரயாணத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அத்தைக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன். அவர் தூங்கவேயில்லை. ரவாங்குக்குப் பிரியும் சாலையின் பலகை வந்தபோது, கழுத்தைத் திருப்பி அது மறையும்வரை பார்த்தார்.

ஊருக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, ஒரு மாலை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கையில், தாங்காமல் கேட்டேவிட்டேன்: "அத்தை, அன்னைக்கு உங்களுக்கு ரயில்ல போக ஆசை இருந்துச்சா?" அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஜன்னல் ஓரம் குடுத்தியே தம்பி, அதுல என்ன குறை?" என்றார். ரயில் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சயாமைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை. அவர் நினைக்காத ஒன்றை நான் நினைவூட்டிவிடலாகாது என்று அப்போது தோன்றியது, நினைத்துக்கொண்டேயிருக்கும் ஒன்றைக் கேட்காமல் விட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மாதம் கிள்ளானில் ஒரு காதுகுத்து. ரவாங்கிலிருந்து கம்யூட்டர் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். மகளின் காரும் இருக்கிறது. அத்தையிடம் கேட்க வேண்டும். கைப்பேசியை எடுத்துப் போகமாட்டேன் என்பதுவரை தீர்மானித்திருக்கிறேன். ரயிலா, காரா, எதை முதலில் சொல்வது என்பதில்தான் இரண்டு வாரமாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.