எல்லாமே சாய்ந்தால்

2000இல் வெளிவந்த ‘பேட்டில்ஃபீல்ட் எர்த்’ படத்தைத் திறமைக் குறைவுதான் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. இயக்குநர் ரோஜர் கிறிஸ்டியன் ‘ஸ்டார் வார்ஸ்’ அரங்க அலங்காரத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். படத்தைக் கவிழ்த்தது கேமரா. ஏறக்குறைய எல்லாக் காட்சிகளையும் சாய்கோணத்திலேயே எடுத்திருக்கிறார்கள். காமிக்ஸ் தோற்றம் வேண்டும் என்பதற்காகச் செய்தது என்பார்கள்; நோக்கத்தில் குறையில்லை. 1949இல் கரோல் ரீடும் ‘தி தேர்ட் மேன்’ படத்தில், போருக்குப் பிந்தைய வியன்னாவை இப்படிச் சாய்த்துத்தான் காட்டினார். ஆனால் அங்கே நேரான காட்சிகளும் உண்டு. அதனால்தான் படச்சட்டம் சரிந்த கணமே ஏதோ தப்பு நடக்கிறது என்று உடம்பு உணர்கிறது. இங்கே மனிதர்கள் உயிருக்குப் போராடுவதும் வேற்றுக்கிரகத்தார் அலுவலகக் கதை பேசுவதும் ஒரே சாய்வில் வருகின்றன. எது அபாயம், எது அரட்டை என்பது கண்ணுக்குப் பிடிபடுவதே இல்லை.