துவரங்காட்டில் மோடம்

கார்த்திகை பிறந்தும் மோடம் கலையவில்லை. ஆடிப்பட்டத்தில் கடலைக்கு ஊடாக விட்ட துவரை மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது. பூவில் மோடம் போட்டால் புழு வரும் என்பது தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். மருந்துக்கடைக்கு வண்டியெடுக்கிற நேரம் இது. முதலில் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன்.

*

பச்சைக்காய்ப்புழு ஒன்று. தலை காய்க்குள், உடம்பில் பாதிக்கு மேல் வெளியே. அது தின்னத் தின்ன வெளியே கிடக்கும் பாதி லேசாக அசைகிறது. விலாவில் வெளிறிய கோடு. ஓட்டை கம்பியால் குத்தியதுபோல் உருண்டையாக, விளிம்பில் ஈர எச்சம். ஒரு காயோடு நிற்கிற சாதியில்லை இது.

அடுத்த கொத்தில் பூவும் பிஞ்சும் நூலாம்படையால் ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் புள்ளிக்காய்ப்புழு. மேலே அடிக்கிற மருந்து இந்த முடிச்சுக்குள் எங்கே போகும்?

*

செடிக்கடியில் உதிர்ந்த பூ ஏராளம். பூத்ததில் பெரும்பகுதியைத் துவரை தானாகவே உதிர்த்துவிடும். மோடத்தில் இன்னும் கூடுதலாக. புழு கணக்கில் எழுதுகிற நட்டம் எல்லாம் புழுவினுடையது அல்ல.

*

செடிக்கடியில் பழைய சேலையை விரித்து உலுக்கினால் பெரிய புழுக்கள் பொத்பொத்தென்று விழும். துவரைக்குப் பேர்போன கலபுரகிப் பக்கம் இப்படிச் செய்வார்கள். விழுந்தது கோழிக்கு. முட்டையும் குஞ்சுப்புழுவும் விழாது, ஆள்கூலியும் உண்டு. ஆனாலும் பெரிய புழு விஷத்துக்கு எளிதில் சாவதில்லை, அதற்கு இதுவே சரி.

ஏக்கருக்கு 20 குச்சி, தலையில் குறுக்குச் சட்டம் கட்டி நட்டால் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து புழு பிடிக்கும். இதற்குக் கூலி இல்லை.

*

பச்சைக்காய்ப்புழுவின் குஞ்சுக்கு என்.பி.வி. என்ற வைரஸ். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் பொழுது சாய்ந்துதான் அடிக்க வேண்டும். கொஞ்சம் வெல்லம் கலந்தால் புழு விரும்பித் தின்னும். தின்ற புழு உடனே சாகாது. சில நாள் மந்தமாய்த் திரிந்து, செடியின் நுனிக்கு ஏறி, தலைகீழாய்த் தொங்கிச் சாகும். உடம்பு கூழாகிக் கீழிலைகளில் ஒழுகும். அந்த இலையைத் தின்பதற்கும் நோய்.

அந்தச் சில நாள்தான் கஷ்டம். மருந்தடித்த மறுநாளே செத்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இந்த அவசரத்தின் விலையைப் பருத்திக்காரர்கள் முன்பே கொடுத்தார்கள்: 1987 வாக்கில் ஆந்திரத்தில் இதே பச்சைக்காய்ப்புழு பைரித்ராய்டு மருந்துக்கு அசையாமல் காட்டைத் தின்று தீர்த்தது. அப்போதும் கடைக்காரர் இன்னொரு தடவை அடிக்கத்தான் சொல்லியிருப்பார்.

*

ஓட்டையே இல்லாத ஒரு காயை நகத்தால் பிளந்தேன். உள்ளே காலில்லாத வெள்ளைப்புழு, பருப்பில் வாய்க்கால் வெட்டியபடி. காய் ஈயின் புழு. வெளியே தொங்குகிற பச்சைப்புழு மேல்தான் நமக்குக் கோபமெல்லாம். இது களத்துக்கு வந்து காய் உடைபடும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. உலுக்கினால் விழாது, கரிச்சானுக்கும் எட்டாது, வைரஸும் இதைத் தொடாது.

பிந்திக் காய்க்கிற செடியில்தான் இது அதிகம். அக்கம்பக்கம் எல்லாரும் குறுகிய வயசு ரகமாய், ஒரே சமயத்தில் விதைத்தால் குறையும். அடுத்த ஆடிக்கு முன் கீழ்க்காட்டு அண்ணனிடம் பேச வேண்டும். அவர் கடலைக்கு மழை பார்த்து விதைக்கிற ஆள்; துவரைக்காகத் தேதி மாற்றுவாரா என்பது சந்தேகம்தான்.