கதிரையின் விலை

நீதிபதியின் கதிரையில் அமர்வது பெரிய காரியமா, அமர மறுப்பது பெரிய காரியமா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. கலீபா மன்ஸூர் வழங்கிய காழிப் பதவியை இமாம் அபூ ஹனீபா மறுத்தார், சிறைக்கும் போனார். அவருடைய மாணவர் அபூ யூஸுப், ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காழியாக அமர்ந்தார். இருவரையும் நாம் மதிக்கிறோம். இரண்டும் எப்படிச் சரியாகும்?

2004ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், ஆசிரியர் கலாசாலை மாணவனாகிய நான் பம்பலப்பிட்டியில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேப்பிட்டிய கடமை முடிந்து வீடு திரும்பியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மெய்ப்பாதுகாவலராயிருந்த பொலிஸ் பரிசோதகர் உபாலி பண்டாரவும் உயிரிழந்தார். மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு வழக்கில், 2002இல், புலிகளின் தலைவருக்கு 200 வருடச் சிறை விதித்த நீதிபதி அவர். ஆகவே மாமா வீட்டில் முதலில் பேசப்பட்டது அந்த வழக்குத்தான். விசாரணையில் வெளிவந்ததோ 'பொட்ட நவ்பர்' என்ற போதைப்பொருள் வியாபாரியின் பெயர். 2005 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் அவர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதித்தது.

பெயர் வெளியான அன்று மாமி, "எங்கட பேராப் போச்சே" என்று தலையில் கை வைத்தார். மாமா வெளியே இறங்க வெட்கப்பட்டார். அன்றிரவு முழுக்கச் சமூகத்தின் மானத்தைப் பற்றிப் பேசினோம். செத்துப்போன இருவரின் வீடுகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சொந்த உறவுக்கு எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி நிற்கச் சொல்லும் சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனம் எனக்கு மனனம். அன்றைக்கு அது நாவுக்கு வரவில்லை.

பிறகு நானும் ஒரு சிறிய கதிரையில் அமர்ந்தேன். பாடசாலை ஒழுக்காற்று விசாரணை ஒன்று. பிழை செய்தவன் ஊரில் செல்வாக்குள்ள ஒருவரின் மகன்; குற்றம் சாட்டப்பட்டவன் கூலிக்காரர் ஒருவரின் மகன். உண்மை எனக்குத் தெரியும். "இருவரையும் கண்டித்துச் சமாதானம் செய்து வைத்தேன்" என்று அறிக்கை எழுதினேன். எனக்கு இடமாற்றம் வரவில்லை, ஒருவரும் கோபிக்கவில்லை. பயம் ஒருநாளும் பயம் என்ற பெயரோடு வருவதில்லை. சமாதானம், நிதானம், ஊர் ஒற்றுமை என்று நல்ல பெயர்களோடுதான் வருகிறது.

அந்த அறிக்கைக்குப் பிறகுதான் முதற் கேள்விக்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது. இமாமின் மறுப்புக்கு அவரே விலை கொடுத்தார். அம்பேப்பிட்டிய அமர்ந்ததற்கு அவரே விலை கொடுத்தார். என் தீர்ப்புக்கோ ஒரு சிறுவன் விலை கொடுத்தான். அமர்வதும் மறுப்பதும் அல்ல, விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதே கேள்வி.

உபாலி பண்டாரவும் விலை கொடுத்தாரே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017 ஜூலையில் நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலர் சரத் ஹேமச்சந்திர சுடப்பட்டு இறந்தபோது, அந்த நீதிபதி அவருடைய மனைவியின் காலில் விழுந்து அழுததை நாடே பார்த்தது. நேர்மையான தீர்ப்பின் பாரத்தையும் சில வேளை மற்றவர்கள் சுமக்கிறார்கள். ஆனால் பாதுகாவலர் ஆபத்தைத் தெரிந்தே பக்கத்தில் நின்றார். நீதிபதி அந்தக் கடனை ஒளிக்கவில்லை. என் மாணவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவனுக்கு நான் பட்ட கடனைச் 'சமாதானம்' என்று எழுதி மூடிவிட்டேன்.

அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. எங்கோ கடையில் நிற்பதாகச் சொன்னார்கள். அவனைத் தேடிப் போகவேண்டும். இந்தக் கட்டுரையை எழுத முன்னரே போயிருக்க வேண்டும்.